ஒதுங்கியிருந்த அமெரிக்கா பிரிட்டனுக்குக் கைகொடுத்தது எப்படி? 1935 முதல் 1941 வரை

முதலில் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். போரிடும் எந்த நாட்டுக்கும் ஒரு துப்பாக்கிகூட விற்கக் கூடாது என்று 1935இல் தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்ட அமெரிக்கா, 1941 மார்ச்சில் பிரிட்டனுக்கு விலை பேசாமலே ஆயுதம் அனுப்பும் நிலைக்கு எப்படி வந்தது? பேர்ல் ஹார்பர் தாக்குதல்தான் அந்த மாற்றத்துக்குக் காரணமா? அனுப்பிய பொருளெல்லாம் இனாமா, கடனா?

இரண்டாவது கேள்விக்குத் தேதிகளே பதில் சொல்லிவிடும். ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது 1941 டிசம்பர் 7ஆம் தேதி. கடன்-குத்தகைச் சட்டம் என்று நாம் பாடப் புத்தகங்களில் படித்த சட்டத்தில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் கையொப்பமிட்டது அதே ஆண்டு மார்ச் 11ஆம் தேதி. அதாவது ஒன்பது மாதங்களுக்கு முன்பே. ஆகவே பேர்ல் ஹார்பர் கடைசிப் படி மட்டுமே. அதற்கு முந்தைய படிகளை அமெரிக்கா ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி, ஒவ்வொரு படியிலும் 'இத்துடன் சரி' என்று சொல்லிக்கொண்டே ஏறியது. அமெரிக்க மக்கள் போர் வேண்டாம் என்ற நிலையிலிருந்து போர் வேண்டும் என்ற நிலைக்கு மாறினார்கள் என்று பொதுவாக எழுதப்படுவதை நான் ஏற்பதில்லை. போர் வேண்டாம் என்ற எண்ணம் 1941 டிசம்பர் வரை அவர்களிடம் அப்படியேதான் இருந்தது. போரில் சிக்காமலிருக்க எது வழி என்ற கணக்கு மட்டும்தான் மாறியது; 1935இல் ஆயுதம் கொடுக்காமலிருப்பதே வழி என்று நினைத்தவர்கள், 1941இல் ஆயுதம் கொடுப்பதே வழி என்று நினைத்தார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் 'தனிமைவாதம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்கா ஒருபோதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த நாடன்று. பிலிப்பைன்சை ஆண்டது, கரீபியன் நாடுகளுக்குப் படை அனுப்பியது, சீனாவின் ஆறுகளில் ரோந்துக் கப்பல் விட்டது. அது விலகியிருக்க விரும்பியது குறிப்பாக ஐரோப்பாவின் சண்டைகளிலிருந்துதான். 'ஊர் வம்பு நமக்கெதற்கு' என்று நாம் சொல்வோமே, அந்த மனநிலை அது. ஊர் என்பது அங்கே ஐரோப்பா.

அந்த மனநிலைக்கு நியாயமான காரணம் இருந்தது. 1917இல் ஐரோப்பியப் போரில் இறங்கிய அமெரிக்கா சுமார் 1,16,000 பேரை இழந்தது. போர் முடிந்தபோது நேச நாடுகள் அதற்குத் தர வேண்டிய கடன் ஏறக்குறைய 1,000 கோடி டாலர். 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தம் வந்ததும் பிரிட்டன், பிரான்சு உட்பட ஏறத்தாழ எல்லா நாடுகளும் தவணையை நிறுத்திவிட்டன. விடாமல் கட்டிக்கொண்டிருந்தது பின்லாந்து மட்டுமே. 'எங்கள் பிள்ளைகளையும் கொடுத்தோம், பணத்தையும் கொடுத்தோம், இரண்டும் போயிற்று' என்பது நடுமேற்கு மாநிலங்களின் விவசாயக் குடும்பங்களில் வாய்விட்டே பேசப்பட்ட பேச்சு. கடனைத் திருப்பித் தராத நாடுகளுக்கு அமெரிக்காவில் புதுக் கடன் கிடைக்கக் கூடாது என்று 1934இல் ஜான்சன் சட்டம் வந்தது. அதே ஆண்டு வட டகோட்டா மாநில செனட்டர் ஜெரால்ட் நை தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, ஆயுத ஆலைகளும் வங்கிகளும் முதல் உலகப் போரில் சம்பாதித்த லாபத்தைத் தோண்டியெடுத்து மக்கள்முன் வைத்தது. வங்கிகள்தான் நாட்டைப் போருக்குள் தள்ளின என்று அந்தக் குழு மெய்ப்பித்துவிடவில்லை. ஆனால் மக்கள் மனத்தில் அப்படித்தான் பதிந்தது.

1935 முதல் 1937 வரை வந்த நடுநிலைமைச் சட்டங்களைப் படித்தால், அவை ஏறத்தாழ ஒரு நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டுபோல் இருக்கும். நோய் 1917. ஆயுத விற்பனை நம்மைப் போருக்குள் இழுத்தது, ஆகவே 1935இல் போரிடும் இரு தரப்புக்கும் ஆயுத விற்பனை தடை. கடன் இழுத்தது, ஆகவே 1936இல் கடன் கொடுக்கத் தடை. ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்த லூசிட்டேனியா கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தது இழுத்தது, ஆகவே 1937இல் போரிடும் நாடுகளின் கப்பல்களில் அமெரிக்கர் பயணம் செய்யவே தடை. நாட்டின்மீது படையெடுப்பு நிகழ்ந்தாலொழிய, பொது வாக்கெடுப்பு நடத்தாமல் போர் அறிவிக்கக் கூடாது என்ற இந்தியானா உறுப்பினர் லூயிஸ் லட்லோவின் அரசியல் சட்டத் திருத்தம் 1938 ஜனவரியில் 188க்கு 209 என்ற வாக்குகளில்தான் தடுக்கப்பட்டது. பதினொரு பேர் பக்கம் மாறியிருந்தால் அது விவாதத்துக்கு வந்திருக்கும்.

இந்தச் சட்டங்களின் பெரிய குறை, தாக்கியவனையும் தாக்கப்பட்டவனையும் ஒரே தட்டில் வைத்ததுதான். 1935இல் இத்தாலி எத்தியோப்பியாவின் மீது பாய்ந்தபோது தடை இருவருக்கும் பொதுவானது. ஆனால் பெட்ரோலியம் ஆயுதமாகாது என்பதால் இத்தாலி அதைத் தாராளமாக வாங்கிக்கொண்டது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசால் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்க முடியவில்லை. எதிர்த்தரப்புக்கோ இட்லரும் முசோலினியும் கொட்டிக்கொடுத்தார்கள். சீன விவகாரத்தில் மட்டும் ரூசவெல்ட் ஒரு சந்து கண்டுபிடித்தார். ஜப்பானும் சீனாவும் 1937இல் முறைப்படி போர் அறிவிக்கவில்லை, ஆகவே அங்கே நடப்பது சட்டப்படி போரே இல்லை என்று கூறி, சீனாவுக்குச் சரக்குப் போகும் வழியை அடைக்காமல் விட்டார்.

1939 ஜூலை 18ஆம் தேதி இரவு வெள்ளை மாளிகையில் நடந்த ஒரு கூட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆயுதத் தடையை நீக்கும்படி ரூசவெல்ட் செனட் தலைவர்களை அழைத்துக் கேட்டார். ஐடகோ மாநிலத்தின் மூத்த செனட்டர் வில்லியம் போரா, இந்த ஆண்டு ஐரோப்பாவில் போர் வராது என்று அடித்துச் சொன்னார். வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் தம் அலுவலகத்துக்கு வந்து தந்திகளைப் பார்க்குமாறு மன்றாடியபோது, அவற்றைவிட நம்பகமான தகவல் தமக்கு வருகிறது என்று போரா பதிலளித்தார். அங்கிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்த துணைத் தலைவர் ஜான் கார்னர், ரூசவெல்ட்டின் பக்கம் திரும்பி, 'உங்களிடம் ஓட்டு இல்லை, அவ்வளவுதான் விஷயம்' என்று முடித்துவிட்டார். ஆறே வாரங்களில், செப்டம்பர் 1ஆம் தேதி, இட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்தன.

போர் தொடங்கியதும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டிய ரூசவெல்ட், 1935இல் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியதற்காகவும் தாம் அதில் கையொப்பமிட்டதற்காகவும் வருந்துவதாகச் சொன்னார். நவம்பர் 4ஆம் தேதி ஆயுதத் தடை நீங்கியது. அதற்குப் பதிலாக வந்தது 'ரொக்கம் கொடு, நீயே தூக்கிச் செல்' என்ற ஏற்பாடு. வாங்கும் நாடு முழுப் பணத்தையும் கையில் கொடுக்க வேண்டும். சரக்கின் உரிமை அமெரிக்கக் கரையிலேயே கைமாற வேண்டும். ஏற்றிச் செல்வதும் அவர்கள் கப்பலாகவே இருக்க வேண்டும். எழுத்தளவில் இது ஜெர்மனிக்கும் பொருந்தும். ஆனால் கடல் பிரிட்டன் கையில் இருந்ததால் கடைக்கு வர முடிந்தவர்கள் பிரிட்டனும் பிரான்சும் மட்டுமே. கவனித்துப் பார்த்தால், ஆயுதம் என்ற ஒரு செங்கல் மட்டுமே சுவரிலிருந்து உருவப்பட்டது. கடன் தடையும் கப்பல் தடையும் அப்படியே இருந்தன.

அந்தச் சட்டத்தை எவ்வளவு இறுக்கமாகக் கடைப்பிடித்தார்கள் என்பதற்குச் சாட்சி வட டகோட்டாவின் எல்லையோரச் சிற்றூரான பெம்பினா. கலிபோர்னியாவில் கட்டப்பட்ட ஹட்சன் குண்டுவீச்சு விமானங்கள் பிரிட்டனுக்குப் போக வேண்டும். கனடா அப்போது போரில் இறங்கிவிட்ட நாடு, ஆகவே அமெரிக்க விமானி அவற்றைக் கனடாவுக்குள் ஓட்டிச் செல்லக் கூடாது. என்ன செய்தார்கள் என்றால், 1940ஆம் ஆண்டு குளிர்காலத்தில் விமானத்தை எல்லைக்கு இந்தப் பக்கம் வயல்வெளியில் இறக்கி, அதன் முன்சக்கரக் கால்களில் கயிறு கட்டி, குதிரைகளைப் பூட்டி, பனித்தரையில் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே காத்திருந்தவர்கள் பெற்றுக்கொண்டு பறந்தார்கள். இரட்டை எஞ்சின் போர் விமானம் ஒன்றைக் குதிரை இழுத்துப் போகும் புகைப்படத்தைப் பார்க்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கயிற்றின் நீளம்தான் அன்றைய அமெரிக்க நடுநிலைமையின் அகலம். அந்த மாநிலம் செனட்டர் நையின் சொந்த மாநிலம் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

உண்மையான உலுக்கல் 1940 மே, ஜூன் மாதங்களில் வந்தது. முதல் உலகப் போரில் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்த பிரான்சு ஆறே வாரங்களில் விழுந்தது. பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியைப் பார்த்துக்கொள்ளும், அட்லாண்டிக் சமுத்திரம் நம்மைப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதுவரை அமெரிக்காவின் சொல்லப்படாத நம்பிக்கை. அந்தச் சமுத்திரம் வெறும் தண்ணீர் என்பதும், அதைக் காவல் காத்தது பிரிட்டிஷ் கடற்படை என்பதும் அந்தக் கோடையில்தான் பலருக்கு உறைத்தது. அந்தக் கடற்படை இட்லரின் கையில் சிக்கினால் என்னாகும்? அமெரிக்கத் தரைப்படையில் 1939இன் நடுவில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர்தான்.

மே 10ஆம் தேதி பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில், ஐந்தாம் நாளே ரூசவெல்ட்டுக்கு எழுதிய தந்தியில் நாற்பது, ஐம்பது பழைய நாசகாரிக் கப்பல்களைக் கேட்டார். அந்தத் தந்தியில் என் கண்ணுக்குப் படும் முக்கியமான வரி வேறொன்று. டாலர் இருக்கும்வரை கொடுத்துக்கொண்டிருப்போம். எங்களால் கொடுக்க முடியாமல் போகும் காலத்திலும் நீங்கள் சரக்கை நிறுத்தமாட்டீர்கள் என்று ஓரளவு நம்பியிருக்க விரும்புகிறேன் என்று அவர் குறிப்பிட்டிருந்தார். பத்து மாதங்கள் கழித்து வரப்போகும் சட்டத்தின் வித்து இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஜூன் மாதத்தில், பிரான்சின் டன்கர்க் கடற்கரையில் தளவாடங்களையெல்லாம் கைவிட்டுக் கரை திரும்பிய பிரிட்டிஷ் படைக்கு, அமெரிக்கக் கிடங்குகளில் 1918 முதல் மசகு பூசிக் கிடந்த சுமார் ஐந்து லட்சம் துப்பாக்கிகளும் நூற்றுக்கணக்கான பீரங்கிகளும் புறப்பட்டன. அரசு நேரடியாக விற்றால் சட்டம் தடுக்கும் என்பதால், இராணுவம் அவற்றை ஒரு உருக்கு நிறுவனத்துக்கு விற்றது. நிறுவனம் அதே விலைக்குப் பிரிட்டனுக்கு விற்றது. தரைப்படைத் தலைவர் ஜார்ஜ் மார்ஷல் இவை நமக்கு உபரி என்று சான்றளிக்க வேண்டியிருந்தது. நாளை நமக்கே பீரங்கி தட்டுப்பாடானால், இந்த ஏற்பாட்டில் கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் விளக்குக் கம்பத்தில் தொங்க வேண்டியதுதான் என்று மார்ஷலின் கீழிருந்த அதிகாரி வால்டர் பெடல் ஸ்மித் குறிப்பெழுதினார். உதவி என்பது மிச்சத்திலிருந்து கொடுத்ததன்று. தன் கையில் குறைவாக இருந்தபோதே பிரித்துக் கொடுத்தது. இதை விமர்சகர்களும் ஆதரவாளர்களும் ஒருசேர மறந்துவிடுகிறார்கள்.

நாசகாரிக் கப்பல் விவகாரம் செப்டம்பர் 2ஆம் தேதி முடிவானது. முதல் உலகப் போர்க்காலத்தில் கட்டத் தொடங்கிய, நான்கு புகைபோக்கி கொண்ட ஐம்பது கப்பல்கள் பிரிட்டனுக்கு. நியூபவுண்ட்லாந்து, பெர்முடா, பகாமாஸ், ஜமைக்கா, திரினிடாட் முதலிய எட்டு இடங்களில் தளம் அமைக்க 99 ஆண்டுக் குத்தகை அமெரிக்காவுக்கு. ரூசவெல்ட் இதைக் காங்கிரசிடம் கொண்டுபோகவே இல்லை; அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சனின் சட்டக் கருத்தை வைத்துக்கொண்டு நிர்வாக ஒப்பந்தமாகவே முடித்துவிட்டார். 'கொடுத்தோம்' என்று சொல்லாமல் 'வாங்கினோம்' என்று சொன்னதில்தான் அவருடைய சாமர்த்தியம். லூசியானாவை விலைக்கு வாங்கியதற்குப் பிறகு நம் பாதுகாப்புக்குக் கிடைத்த மிகப் பெரிய பேறு இது என்று அவர் அறிவித்தபோது, உதவியை எதிர்த்த பத்திரிகைகளால்கூட எளிதாக மறுக்க முடியவில்லை.

கப்பல்கள் எப்படியிருந்தன? ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் அவற்றைப் பெற்றுக்கொண்ட பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு, தூளியில் தூங்கிப் பழகிய தங்களுக்குக் கட்டில் கிடைத்ததே ஆச்சரியம். ஆனால் அட்லாண்டிக் அலையில் அவை குடிகாரனைப்போல் உருண்டன. பல கப்பல்கள் மாதக்கணக்கில் பழுதுபார்க்கும் துறையிலேயே கிடந்தன. இரு நாடுகளுக்கும் பொதுவான ஊர்ப் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். புக்கானன் என்ற கப்பல் கேம்பல்டவுன் ஆனது. அந்தக் கப்பலில்தான் வெடிமருந்தை நிரப்பி, 1942 மார்ச் 28ஆம் தேதி பிரான்சின் சான் நசேர் துறைமுகத்தின் மாபெரும் உலர்துறைக் கதவின்மேல் மோதவிட்டு வெடிக்கச் செய்தார்கள். போர் முடியும்வரை அந்தத் துறை பயன்படவில்லை. கிழட்டுக் கப்பலுக்கு நல்ல முடிவுதான்.

இதனிடையே உள்நாட்டில் இரு அணிகள் உருவாகியிருந்தன. கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிற்றூரில் பத்திரிகை நடத்திய வில்லியம் ஆலன் வைட் தலைமையில், நேச நாடுகளுக்கு உதவுவதன் மூலம் அமெரிக்காவைக் காக்கும் குழு என்ற அமைப்பு 1940 மேயில் தொடங்கியது. அமைப்பின் பெயரையே பாருங்கள், காப்பது அமெரிக்காவை, உதவி அதற்கு வழி. செப்டம்பரில் யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் தொடங்கிய 'அமெரிக்கா முதலில்' குழு எதிர்த்தரப்பு. அது எட்டு லட்சம் உறுப்பினர் வரை வளர்ந்தது. அதில் இருந்தவர்களை எல்லாம் நாஜி அனுதாபிகள் என்று இன்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது சரியாகாது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஜெரால்ட் போர்டு தொடக்கத்தில் அதில் இருந்தார். நார்மன் தாமஸ் போன்ற சோஷலிஸ்டுகள் அதன் மேடையில் பேசினார்கள். கம்யூனிஸ்டுகளும் தனியே நின்று 1941 ஜூன் 22 வரை உதவியை எதிர்த்தார்கள். அன்று சோவியத் ஒன்றியத்தை இட்லர் தாக்கியதும் ஒரே இரவில் நிலை மாறினார்கள். ஆனால் அந்தக் குழுவின் நட்சத்திரப் பேச்சாளரான விமானி சார்லஸ் லிண்ட்பெர்க், 1941 செப்டம்பர் 11ஆம் தேதி டெ மாயின் நகரில், நாட்டைப் போருக்குத் தள்ளுபவர்கள் பிரிட்டிஷார், யூதர், ரூசவெல்ட் அரசு என்று பேசியது அவர் தம் கையாலேயே தம் இயக்கத்துக்கு வைத்த கொள்ளி.

1940 நவம்பர் தேர்தலில் ரூசவெல்ட்டை எதிர்த்த வெண்டல் வில்கி குடியரசுக் கட்சிக்காரராக இருந்தும் பிரிட்டனுக்கு உதவுவதை ஆதரித்தார். இது ஒரு பெரிய தற்செயல். எதிர்க்கட்சி போராவைப்போன்ற ஒருவரை நிறுத்தியிருந்தால் தேர்தலே உதவி பற்றிய வாக்கெடுப்பாகியிருக்கும். ஆயினும் கடைசி வாரங்களில் வில்கி போர்ப் பயத்தைக் கிளப்பியதும், ரூசவெல்ட் பாஸ்டன் நகரில், உங்கள் பிள்ளைகளை எந்த அந்நியப் போருக்கும் அனுப்பமாட்டேன் என்று தாய்மார்களிடம் வாக்குக் கொடுத்தார். தாக்கப்பட்டால் தவிர என்று அதுவரை சேர்த்துச் சொல்லிவந்த விலக்கை அன்று விட்டுவிட்டார்.

தேர்தலில் வென்றபின் ரூசவெல்ட் டஸ்கலூசா என்ற போர்க்கப்பலில் கரீபியன் கடலில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். டிசம்பர் 9ஆம் தேதி கடல் விமானத்தில் வந்து சேர்ந்தது சர்ச்சிலின் நீண்ட கடிதம். கப்பல்களுக்கும் பிற சரக்குகளுக்கும் ரொக்கம் கொடுக்க முடியாத காலம் நெருங்குகிறது என்று அதில் இருந்தது. ரொக்கம் என்ற செங்கலையும் உருவ வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆனால் நேராகக் கடன் என்றால் 1934இன் ஜான்சன் சட்டம் குறுக்கே நிற்கும், சட்டத்தை மாற்றினாலும் மக்களுக்குப் பழைய 1,000 கோடி நினைவுக்கு வரும்.

டிசம்பர் 17ஆம் தேதி செய்தியாளர் கூட்டத்தில் ரூசவெல்ட் அவிழ்த்த முடிச்சு இதுதான். அந்த அசட்டு டாலர் குறியை நீக்கிவிடப் பார்க்கிறேன் என்று தொடங்கி ஒரு கதை சொன்னார். பக்கத்து வீடு தீப்பற்றி எரிகிறது. என்னிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அவர் குழாயில் மாட்டினால் தீயை அணைக்கலாம். அந்த நேரத்தில், 'ஐயா, இந்தக் குழாய் எனக்குப் பதினைந்து டாலர் ஆயிற்று, அதைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்றா கேட்பேன்? எனக்குப் பதினைந்து டாலர் வேண்டாம். தீ அணைந்ததும் என் குழாய் திரும்பி வந்தால் போதும். டிசம்பர் 29ஆம் தேதி வானொலியில், அமெரிக்கா ஜனநாயகத்தின் ஆயுதக் கிடங்காக வேண்டும் என்று பேசினார். அதே இரவில் லண்டன் நகரின் பழைய பகுதி தீக்குண்டு வீச்சில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தீ என்பது அன்று உவமையாக மட்டும் இல்லை.

அடுத்த மாதம் மசோதா அறிமுகமானபோது அதற்கு 1776 என்ற எண் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பிரிட்டனிடமிருந்து விடுதலை அறிவித்த ஆண்டின் எண், பிரிட்டனைக் காப்பாற்றும் மசோதாவுக்கு. இரண்டு மாத விவாதத்தில் எதிர்த்தரப்பு சொன்னவற்றுள் மிகச் சுருக்கமாகவும் சரியாகவும் பேசியவர் செனட்டர் ராபர்ட் டாஃப்ட். போர்த் தளவாடத்தை இரவல் கொடுப்பது சூயிங்கத்தை இரவல் கொடுப்பதுபோல. மென்றதை யார் திருப்பி வாங்குவார்கள் என்றார் அவர். உண்மைதான், வெடித்த குண்டு திரும்பி வராது. மொன்டானா செனட்டர் பர்ட்டன் வீலர், நான்கில் ஒரு அமெரிக்க இளைஞனை மண்ணோடு உழுதுபோடும் திட்டம் என்று சொன்னபோது ரூசவெல்ட் கொதித்துவிட்டார். தோற்றுப்போன வில்கி செனட் குழு முன்வந்து மசோதாவை ஆதரித்துச் சாட்சியம் சொன்னது பல குடியரசுக் கட்சியினரை அவர்மீது வெறுப்புக் கொள்ளவைத்தது. பிப்ரவரி 8ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 260க்கு 165, மார்ச் 8ஆம் தேதி செனட்டில் 60க்கு 31. முதல் ஒதுக்கீடு 700 கோடி டாலர். அமெரிக்கப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று குடியரசுத் தலைவர் கருதும் எந்த நாட்டுக்கும் எந்தப் பாதுகாப்புப் பொருளையும் விற்கலாம், மாற்றலாம், குத்தகைக்கு விடலாம், இரவல் தரலாம் என்று சட்டம் சொன்னது. எனினும் அமெரிக்கக் கடற்படை சரக்குக் கப்பல்களுக்குத் துணை செல்ல இச்சட்டம் அதிகாரம் தரவில்லை என்றும் அதிலேயே எழுதிவைத்தார்கள். கப்பல் என்ற செங்கலைத் தொடமாட்டோம் என்று மறுபடியும் ஒரு வாக்குறுதி.

அது நின்றது எட்டு மாதங்களே. அனுப்பிய சரக்கு கடலில் மூழ்கினால் அனுப்பி என்ன பயன்? 1941 ஜூலையில் அமெரிக்கப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. ஆகஸ்டில் ரூசவெல்ட்டும் சர்ச்சிலும் நியூபவுண்ட்லாந்தின் அர்ஜென்ஷியாவுக்கு அப்பால் கப்பலில் சந்தித்தார்கள். நாசகாரிக் கப்பல்களுக்கு ஈடாகக் குத்தகைக்குக் கிடைத்த தளங்களில் ஒன்று அது. சந்திப்பு நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட் 12ஆம் தேதிதான், கட்டாய இராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதா வாஷிங்டனில் 203க்கு 202 என்று ஒரே ஓட்டில் பிழைத்தது. உதவிக்கு 260 பேர் கை தூக்கிய சபை, சொந்தப் படையைக் கலைக்காமல் வைத்திருக்க அவ்வளவு தயங்கியது. நான் மேலே சொன்ன கணக்குக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

செப்டம்பர் 4ஆம் தேதி கிரீர் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலின்மீது ஜெர்மானிய நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. ரூசவெல்ட் இதை ஒரு கடற்கொள்ளைச் செயலாக மக்களிடம் வருணித்து, எதிரி நீர்மூழ்கிகளைக் காணுமிடத்தில் சுட உத்தரவிட்டார். கிரீர் அந்த நீர்மூழ்கியைப் பல மணி நேரம் பின்தொடர்ந்து அதன் இருப்பிடத்தைப் பிரிட்டிஷ் விமானத்துக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தது என்பதையும், அந்த விமானம் முதலில் குண்டு போட்டது என்பதையும் அவர் சொல்லவில்லை. அவருடைய இலக்கு சரியென்று கருதுபவர்களும் இந்த மறைப்பைப் பூசி மெழுகக் கூடாது. அக்டோபர் 31ஆம் தேதி ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு நூறு பேருக்குக் குறையாமல் மாலுமிகள் இறந்தார்கள். நவம்பரில் செனட்டில் 50க்கு 37, பிரதிநிதிகள் சபையில் 212க்கு 194 என்ற வாக்குகளில் கப்பல் தடை நீங்கியது. 1935 முதல் கட்டிய சுவரில் அப்போது எஞ்சியிருந்தது போர் அறிவிப்பு என்ற ஒன்றுதான். அதற்கு அப்போதும் காங்கிரசில் பெரும்பான்மை கிடைத்திருக்காது என்பதே என் முடிவு. ஜப்பானின் குண்டுகளும், நான்கு நாள் கழித்து இட்லர் தாமாகவே வந்து அறிவித்த போரும் அந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்தன. பேர்ல் ஹார்பர் செய்தி வந்த வேளையில் செனட்டர் நை, பிட்ஸ்பர்க் நகரில் 'அமெரிக்கா முதலில்' கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

இனி மூன்றாவது கேள்வி, இனாமா கடனா என்பது. மொத்தம் சுமார் 5,000 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்கள் போயின. அதில் 3,100 கோடிக்கு மேல் பிரிட்டனுக்கும் அதன் பேரரசுக்கும், 1,100 கோடிக்கு மேல் சோவியத் ஒன்றியத்துக்கும். சோவியத்துக்குச் சென்றவற்றில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளும் ஜீப்புகளும், சுமார் 1,900 ரயில் எஞ்சின்களும், ஒன்றரைக் கோடி ஜோடி காலணிகளும் அடக்கம். மேற்கில் இரண்டாம் போர்முனையைத் திறக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த கூட்டாளிகள் அனுப்பிய டப்பா இறைச்சிக்குச் செஞ்சேனை வீரர்கள் 'இரண்டாம் முனை' என்றே பெயர் வைத்தார்கள். எதிர்த்திசையில், அமெரிக்கப் படைகளுக்குப் பிரிட்டனும் மற்ற நாடுகளும் கொடுத்தவை சுமார் 780 கோடி டாலர்.

அன்பளிப்பு என்று மட்டும் இதைப் பார்த்தால் பிழையாகும். சட்டம் நிறைவேறும் முன், பிரிட்டன் தன் சேமிப்பைச் சுரண்டிக் கொடுத்துவிட்டதா என்று காங்கிரஸ் பார்க்க விரும்பியது. தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ்டவுன் துறைமுகத்துக்கு அமெரிக்கப் போர்க்கப்பலே சென்று பிரிட்டனின் தங்கத்தை ஏற்றிவந்தது. பிரிட்டிஷாருக்குச் சொந்தமான செயற்கைப் பட்டு நிறுவனமான அமெரிக்கன் விஸ்கோஸ் அவசரமாக அமெரிக்கர் கைக்கு விற்கப்பட்டது. பிரிட்டனுடன் செய்துகொண்ட 1942 பிப்ரவரி ஒப்பந்தத்தின் ஏழாவது விதி, போருக்குப்பின் வணிகத்தில் பாகுபாடுகளை நீக்க வேண்டும் என்று சொன்னது. பேரரசுக்குள் சலுகை வரி வைத்திருந்த லண்டனுக்கு அதன் பொருள் நன்றாகவே புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் குழாய்க்கு விலை கேட்கவில்லைதான். தீ அணைந்ததும் வேலியை எங்கே போடுவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொண்டார்.

ஜப்பான் சரணடைந்ததும் 1945 ஆகஸ்டில், ரூசவெல்ட்டுக்குப்பின் குடியரசுத் தலைவரான ட்ரூமன் இத்திட்டத்தைச் சட்டென்று நிறுத்தினார். போரில் பயன்பட்டுத் தீர்ந்தவற்றுக்கு விலை கேட்கப்படவில்லை. எஞ்சிய சரக்குக்கும் வழியில் இருந்ததற்கும் சேர்த்து 65 கோடி டாலர் என்று கணக்கு முடிந்தது. அத்துடன் 375 கோடி டாலர் புதுக் கடன், இரண்டு சதவீத வட்டியில், 1951 முதல் ஐம்பது தவணை. சில ஆண்டுகள் தவணை தள்ளிப்போனதால், பிரிட்டன் கடைசித் தொகையைக் கட்டியது 2006 டிசம்பர் 29ஆம் தேதி.

வாங்கிய பொருளே வாங்கியபடி திரும்பி வந்த நிகழ்வும் உண்டு, அது நம் பக்கத்துச் செய்தி. போர்க்காலத்தில் பணவீக்கமும் நாணயத் தட்டுப்பாடும் முற்றிய இந்தியாவுக்குக் கடன்-குத்தகையின் கீழ் அமெரிக்கா 22 கோடி அவுன்சுக்கும் மேற்பட்ட வெள்ளியைக் கொடுத்தது. அவுன்சுக்கு அவுன்சு வெள்ளியாகவே திருப்ப வேண்டும் என்பது நிபந்தனை. நாடு பிரிந்தபின் இந்தியாவும் பாகிஸ்தானும் அந்தப் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டு, 1950களில் வெள்ளியைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின.